தவணை தெரியாத நோய்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் வருங்காலத்தை மாதக் கணக்கில் எண்ணுவது பழக்கம். லாரிக்குச் சேஸ் எடுப்பது பைனான்ஸில். அதற்குப் பாடி கட்டுவது இன்னொரு கடனில். போர்வெல் ரிக் வண்டி என்றால் நாலைந்து பங்காளிகள் சேர்ந்து போடும் முதலிலும் பாதி வட்டிக்கு வாங்கியதாக இருக்கும். 48 மாதம், 60 மாதம் என்று டியூ ஓடும். நடுவே ஏலச்சீட்டு, பெண்ணுக்கு நகை, மேலே ஒரு மாடி. எல்லாக் கணக்குக்கும் அடியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அனுமானம் இருக்கிறது: கையெழுத்துப் போட்டவர் கடைசித் தவணை வரை இருப்பார்.

1990களின் பிற்பாதியில் இந்த அனுமானம் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஆட்டம் கண்டது. 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. அதையொட்டிய ஆண்டுகளில் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளிடம் நடத்திய கண்காணிப்புச் சோதனைகளில், நாட்டிலேயே எச்.ஐ.வி. அதிகம் காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக அது பட்டியலேறியது. கர்ப்பிணிகளில் 100க்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்தால் அதை 'ஏ' பிரிவு மாவட்டம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பின்னாளில் வகுத்தது. சேலம், நாமக்கல் இரண்டுமே அந்தப் பிரிவில் வந்தன. இன்று இந்தியாவில் வயதுவந்தோரிடையே தொற்று விகிதம் 0.2 விழுக்காடு அளவில் இருப்பதோடு ஒப்பிட்டால் அன்றைய நிலைமை விளங்கும்.

லாரி ஓட்டுநர்களால்தான் வந்தது என்று அன்று எழுதினார்கள், பேசினார்கள். வாரக்கணக்கில் வடக்கே லைன் போகும் வண்டிகளும், மாதக்கணக்கில் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் துளை போட்டுக்கொண்டிருக்கும் ரிக் ஆட்களும் தொற்றுப் பரவியதன் வரைபடத்தில் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் ரத்தம் கொடுத்தவர்கள் ஓட்டுநர்கள் அல்லர். எந்த நெடுஞ்சாலையையும் பார்த்திராத, வீட்டில் இருந்த பெண்கள். ஊர்மேல் விழுந்த கெட்ட பெயரில் இந்தச் செய்தி அமுங்கிப் போனது.

இந்த நோயின் போக்கு ஏன் முன்கூட்டித் தெரிவதில்லை என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். வைரஸ் உடலுக்குள் வந்தபின் பல ஆண்டுகள் வெளியே எதுவும் தெரியாது. ரத்தத்திலுள்ள சி.டி.4 என்னும் வெள்ளணுக்கள் மெல்ல மெல்லக் குறையும். நலமாக இருப்பவருக்கு ஒரு கன மில்லிமீட்டரில் 500க்கு மேல் இருக்கும் எண்ணிக்கை 200க்குக் கீழே போனபின் காசநோய், பூஞ்சைத் தொற்று, மூளைக் காய்ச்சல் எல்லாம் வரிசைகட்டி வரத் தொடங்கும். குறையும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. வைரஸை அடக்கும் பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து வருவதற்கு முன் மேலை நாடுகளில் தொற்று ஏற்பட்ட காலம் தெரிந்த ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களைத் திரட்டி 2000ஆம் ஆண்டு 'லான்செட்' இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. 15 முதல் 24 வயதுக்குள் தொற்று வந்தவர்களில் பாதிப்பேர் 12.5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தார்கள். 45 முதல் 54 வயதுக்குள் வந்தவர்களுக்கு அந்த இடைநிலை 7.9 ஆண்டு.

பாதிப்பேர் தாண்டினார்கள் என்றால் மீதிப் பாதிப்பேர் தாண்டவில்லை. சீக்கிரம் போனவரும் நெடுங்காலம் இருந்தவரும் ஒரே இடைநிலைக்குள் அடங்கியிருக்கிறார்கள். மருத்துவருக்கு அது நல்ல புள்ளிவிவரம். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்பது வேறு: இதில் நான் எந்தப் பாதி? அதற்கு 2000இல் யாரிடமும் பதில் இல்லை. போதாக்குறைக்கு, இங்கே வருகிறவர்களுக்குத் தொற்று எந்த ஆண்டு வந்தது என்பதும் தெரியாது. எட்டாண்டுக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், அது எப்போது ஓடத் தொடங்கியது என்று தெரியாமல் மணி பார்ப்பது எப்படி?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான். 1986இல் நுண்ணுயிரியல் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சோதனைக்காகப் போயின. பேராசிரியர் சுனிதி சாலமன் வழிநடத்திய பணி அது. 1990களில் நோய் முற்றியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடமாகத் தமிழகத்தில் பெயர்பெற்றது தாம்பரம் சானடோரியம் என்று அறியப்பட்ட அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1928இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட இடம். மற்ற மருத்துவமனைகள் படுக்கை தர மறுத்த காலத்தில், கண்காணிப்பாளர் சி.என்.தெய்வநாயகம் அங்கே எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்த்தார். ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றும் சேர்ந்த சித்த மருந்துத் தொகுப்பும் அங்கே கொடுக்கப்பட்டது. பசி எடுத்தது, எடை ஏறியது என்று சொன்னவர்கள் உண்டு. கூட்டு மருந்து வைரஸை அடக்குவதற்குக் கிடைத்தது போன்ற ஆய்வுச் சான்று அதற்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் நாமக்கல்லிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் அந்த லேகியத்தை வாங்கிவந்தவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. வேறு எதுவும் கைக்கெட்டாத காலம் அது.

ஏமாற்று வியாபாரம் வேறொரு பக்கம் நடந்தது. கொச்சியில் டி.ஏ.மஜீத் என்பவர் 'இம்யூனோ க்யூ.ஆர்.' என்ற மருந்தை எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்றார்; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தென்னிந்தியா முழுக்க இப்படிப் பலர். இவர்கள் விற்ற சரக்கை உற்றுப் பார்த்தால் மருந்தைவிடத் தேதிதான் அதில் அதிகம்: இத்தனை மாதம் சாப்பிட்டால் இத்தனையாம் மாதம் நெகட்டிவ். அரசு மருத்துவர் சொல்ல முடியாத ஒன்றை இவர்கள் சொன்னார்கள். நிலத்தை அடகு வைத்தாவது அதை வாங்க ஆள் இருந்தது.

தெரியாத வருங்காலத்தை எல்லோரும் தெரிந்துகொள்ளத் துடிப்பார்கள் என்பதும் சரியல்ல. நோயில் நிச்சயமின்மை என்பதை ஒரு கோட்பாடாக 1988இல் எழுதியவர் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மெர்ல் மிஷெல். வரப்போவது கெட்டது என்று ஓரளவு தெரிந்தவருக்கு, நிச்சயமாகத் தெரியாத நிலையே ஒரு பிடிமானம் என்று அவர் கவனித்தார். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதை விரிவாக ஆராய்ந்தவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டேல் பிராஷர்ஸ். தகவலைத் தேடுவது எப்படி ஒரு வழியோ, தகவலைத் தவிர்ப்பதும் அப்படி ஒரு வழி என்று அவர் காட்டினார். தமிழகத்தில் ரத்தச் சோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' அமைத்தபின்னும், கணவர் நோயில் இறந்து ஆண்டுக்கணக்கில் சோதனைக்கு வராத பெண்கள் இருந்ததை அறியாமை என்று மட்டும் பார்ப்பது அவசரம். சோதனை முடிவுக்குப் பிறகு கொடுக்க மருந்து இல்லாத காலத்தில், சோதித்துக்கொண்டு என்ன செய்வது?

நாமக்கல் பகுதியில் பிறந்த பி.கௌசல்யாவின் வாழ்க்கை பொதுவெளியில் பலமுறை பதிவானது; அவரே பேசியது. 1995இல், 20 வயதில், லாரி ஓட்டிய உறவினருக்கு மணமுடிக்கப்பட்டார். மணமாகிச் சில காலத்திலேயே தனக்குத் தொற்று வந்திருப்பது தெரிந்தது. அந்த ஆண்டில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் ஒருவரானார். 1998இல் சென்னையில் வேறு சில பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். 2015இல் மத்திய அரசின் 'நாரி சக்தி' விருதைப் பெற்றபோது, மணமாகி 20 ஆண்டு ஆகியிருந்தது.

இருபதாண்டு என்பதை அவர் திட்டமிட்டிருக்க முடியாது. அமைப்பு தொடங்கியபோது கூட்டு மருந்துக்கு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செலவாகும். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், யூசுப் ஹமீதின் தலைமையில், மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையைத் தொண்டு அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. உலகச் சந்தையில் அப்போது 10,000 டாலருக்கு மேல். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைச் சில மருத்துவமனைகளில் தொடங்கியது. தமிழகத்தில் தாம்பரத்தில் ஆரம்பித்தது, சில ஆண்டுகளில் நாமக்கல் அரசு மருத்துவமனைக்கும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தது.

சாவுக்குத் தயாரானவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். இங்கேதான் கதை சுபமாக முடியாமல் திசை திரும்புகிறது.

வண்டியை விற்றாகிவிட்டது. பங்கைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. பெண்ணைப் பதினெட்டு ஆனதும் அவசரமாகக் கட்டிக்கொடுத்தாயிற்று. பையனைப் பாட்டி வீட்டில் விட்டாயிற்று. இப்போது எடை ஏறுகிறது, காய்ச்சல் நின்றுவிட்டது, பசிக்கிறது. ஐந்து வருஷம் இருப்போமா, ஐம்பது வருஷமா? அமெரிக்காவில் இதே நிலையை 1999இல் பிராஷர்ஸும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். உயிர் மீண்டவர்களுக்கு வேலை, உறவு, அடையாளம் எல்லாவற்றையும் திரும்பப் பேரம் பேச வேண்டியிருந்ததையும், சிலருக்கு இந்த மீட்சியே பழைய நோயைவிடக் குழப்பமாக இருந்ததையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. அங்கே அவர்கள் கைவிட்டது பெரும்பாலும் வேலையும் ஓய்வூதியக் கணக்கும். இங்கே கைவிட்டது நிலமும் வண்டியும் பங்காளித்தனமும். வேலை திரும்பக் கிடைக்கலாம். பங்காளியிடம் விட்ட பங்கு திரும்புவது கடினம் என்பது கொங்குப் பக்கம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மருந்தும் லேசானதாக இல்லை. முதல் அலையில் பரவலாகக் கொடுத்தது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். ஸ்டாவுடின் பாதத்தில் எரிச்சலைக் கொண்டுவரும். கன்னத்தின் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்டச்செய்யும். ரத்தத்தில் வைரஸ் குறைய, முகத்தில் நோய் எழுதி ஒட்டியதுபோல் ஆகும். ஊரில் ரகசியத்தைக் காப்பாற்ற மருந்து சாப்பிட்டவரை அந்த மருந்தே காட்டிக்கொடுத்தது. 2009இல் ஸ்டாவுடினைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இங்கே டெனோபோவிர் வந்தது, 2020க்குப் பிறகு டொலுடெக்ராவிர்.

இன்னொரு கவலை: முதல்வரிசை மருந்து பலிக்காமல் போனால்? 2008 ஜனவரியில்தான் இரண்டாம் வரிசை மருந்து இலவசமாக, அதுவும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் தாம்பரத்திலும் மட்டும் சோதனை முறையில் தொடங்கியது. அதற்கு முந்திய நான்காண்டு காலம், மாத்திரை சாப்பிட்டவர் தலைமேல் ஓர் அடுக்கு மட்டுமே கூரை. அது ஒழுகினால் அடுத்து என்ன என்பதற்குக் காசு உள்ளவருக்கு மட்டும் பதில் இருந்தது.

மருந்து தொடங்காதவர்களின் நிலை வேறு மாதிரி. ஆரம்பத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனால்தான் மாத்திரை. 240 இருப்பவரை, ஆறு மாதம் கழித்து வாங்க என்று அனுப்புவார்கள். நோய் இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஆனால் நோய் இன்னும் போதாது. பிறகு வரம்பு 350 ஆனது. 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்து 2015இல் வெளியான 'ஸ்டார்ட்' ஆய்வு, எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேரும் வாய்ப்பு 57 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. 2017இல் இந்தியா வரம்பையே எடுத்துவிட்டது: தொற்று உறுதியானால் மருந்து. அந்த ஒரு முடிவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு பெரும் பதற்றத்தை லட்சக்கணக்கானவர்கள் வாழ்க்கையிலிருந்து அகற்றியது. புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இதுபோல் ஆராய்ச்சி தீர்த்துவைத்த கேள்விகள் சில உண்டு. உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா? 5,472 பேரை வைத்து நடந்த 'ஸ்மார்ட்' ஆய்வு 2006இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது; விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. மருந்து சாப்பிடுபவரிடமிருந்து துணைக்குப் பரவுமா? சென்னையும் புனேயும் பங்கெடுத்த, ஒன்பது நாடுகளின் 1,763 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வு 2011இல் பதில் சொன்னது: உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து பரவுவது 96 விழுக்காடு குறைந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவின் வழியே பரவுவதில்லை என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் உறுதியானது. வைரஸ் அளவைக் காட்டும் ரத்தச் சோதனை 2018 முதல் இங்கே எல்லோருக்கும் இலவசமாக நடக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு மீதமிருக்கும் நிச்சயமின்மை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பகுதி உடம்புக்கு வெளியே இருக்கிறது.

முதலாவது, மாத்திரை வருமா என்பது. 2022 ஜூலையில் டெல்லியில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தின் முன் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். பல மையங்களில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, சில நாளுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்ததுதான் காரணம். ஒரு நாளும் தவறக்கூடாது என்று ஆலோசகர் சொல்லும் மருந்து, கொடுப்பவர் பக்கத்தில் தவறியது. அந்தச் சில வாரங்களில் நோயாளியின் வருங்காலம் அவருடைய சி.டி.4 எண்ணிக்கையில் இல்லை. டெண்டர் தாளில் இருந்தது.

இரண்டாவது, நாமக்கல்லுக்கே உரிய சிக்கல். மருந்து மாதாமாதம் கொடுக்கும் மையம் ஊரில். ஆள் இருப்பது ராய்ப்பூருக்கு அப்பால், ரிக் வண்டியில். கேபினில் ஆறு பேர் சேர்ந்து தூங்கும் இடத்தில் மாத்திரை டப்பாவை எங்கே ஒளிப்பது? லேபிளைக் கிழித்துவிட்டு, சத்து மாத்திரை என்று சொல்வதுதான் வழி. 2020 ஊரடங்கின்போது பல மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கும் முறை விரிவானது. நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு மூன்று மாத மருந்து இப்போது வழக்கமாகி வருகிறது. ஓட்டுநருக்கு ஒரு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் உள்ள வித்தியாசம், வண்டியை விடுவதா வைத்திருப்பதா என்ற வித்தியாசம்.

மூன்றாவது, கடன். வண்டிக்கடனோடு ஆயுள் காப்பீட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவது இப்போது நடைமுறை. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. காப்பீட்டைப் பொறுத்தமட்டில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: ஆயுள் கணக்கியல் ஆய்வு ஆதாரம் இருந்தால் வேறுவிதமாக நடத்தலாம். அந்த ஆதாரமோ நாளுக்கு நாள் நோயாளி பக்கம் சாய்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்க ஆய்வுகளில், சமீப ஆண்டுகளில் நல்ல சி.டி.4 எண்ணிக்கையோடு மருந்து தொடங்கியவர்களின் எதிர்பார்ப்பு ஆயுள் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகளே குறைவு. பழைய சாவுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவருக்குக் கடனோ காப்பீடோ மறுக்கப்பட்டால், அங்கே நிச்சயமின்மையை உண்டாக்குவது நோய் அல்ல.

இப்போது தொற்றோடு பிறந்தவர்களின் தலைமுறை இருபதுகளில் இருக்கிறது. தடுப்பு மருந்து இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. அந்த மருந்து கிடைக்காத காலத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர்கள் இவர்கள். பள்ளி முடிக்கும்வரை இருந்தால் போதும் என்று எண்ணப்பட்டவர்கள் இன்று கல்யாணச் சந்தையில் நிற்கிறார்கள். ஜாதகம், குலம், கூட்டம் எல்லாம் பொருந்தியபின் சொல்ல வேண்டியதை எந்தக் கட்டத்தில் சொல்வது? அந்தத் தம்பதிக்குத் தொற்றில்லாத குழந்தை பிறப்பதற்கு இன்று மருத்துவத்தில் தடை ஏதும் இல்லை. தடை, பெண் பார்க்கும் கூடத்தில்.

மூத்தவர்களுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்துவிட்டன. 2000இல் முப்பதுகளில் இருந்தவர் இன்று அறுபதை ஒட்டி நிற்கிறார். டொலுடெக்ராவிரால் சிலருக்கு எடை கூடுகிறது; சர்க்கரையைக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். நீண்டகாலக் கூட்டு மருந்தும் முதுமையும் சேர்ந்தால் எலும்புக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும் என்பதற்கு, இவர்கள் உடம்பிலிருந்துதான் உலகம் விடை எழுதிக்கொண்டிருக்கிறது; முன்னால் போய்ப் பார்த்துச் சொன்னவர் யாருமில்லை. 1990இல் தன் கோட்பாட்டைத் திருத்தியபோது மிஷெல், பல்லாண்டு நீளும் நோயில் நிச்சயமின்மை தீரவேண்டிய பிரச்சினையாக இல்லாமல், பார்வையையே மாற்றி அமைக்கும் நிலையாகவும் ஆகலாம் என்று எழுதினார். சிலருக்கு ஆகிறது. ஆனால் டியூ கட்ட வேண்டியவர்களிடம் அதைப் பெரிதாக எதிர்பார்ப்பது, வசதியாக உட்கார்ந்து சிந்திப்பவர்களின் பழக்கம். அவர்கள் செய்வது வேறு: கணக்கின் அலகைச் சுருக்கிக்கொள்கிறார்கள். அடுத்த ரத்தச் சோதனை, அடுத்த மாத்திரை டப்பா, அடுத்த சீட்டு.

அந்த அலகு இனி நீளக்கூடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் கேபோடெக்ராவிர், ரில்பிவிரின் சிகிச்சையை 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் தொற்று வராமல் தடுப்பதற்கு அமெரிக்காவில் அந்த ஆண்டே அனுமதி பெற்றது. அதன் மலிவு வடிவத்தை டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ ஆகிய இந்திய நிறுவனங்கள் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்கு 2027 முதல் தர ஒப்பந்தம் செய்திருக்கின்றன. மாத்திரையைக் கேபினில் ஒளிக்கத் தேவையில்லாத சிகிச்சை நாமக்கல் அரசு மருத்துவமனையின் அலமாரிக்கு எப்போது வரும் என்பதை, 2001இல் போலவே, விலையும் அரசின் கொள்முதலும்தான் முடிவு செய்யும்.